அடிக்கு ஒரு சுரம்

மதுரையில் செம்பட்டறைத் தெருவும் பாய்க்கடைச் சந்தும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்ளும் நாலுமுக்கில், முகூர்த்தங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்த ஒரு வைகாசி மாதத்துச் சாயங்காலத்தில், வெங்காய மூட்டை ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று நடுரோட்டில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்று அடம்பிடித்ததால், மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் மொத்தமும் அங்கேயே நிற்கவேண்டியதாகிவிட்டது. சாரட்டு வண்டியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்குக் கோட்டுக்குள் வேர்த்து ஊற்றுவதையும், மாப்பிள்ளையின் அக்காமார்கள் முகம் கடுகடுக்க ஆரம்பித்ததையும் பார்த்த பேண்டுக்காரன் இன்னாசி, சும்மா நிற்பானேன் என்று ட்ரம்பெட்டை உதட்டில் வைத்து ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை முழுசாக ஊதினான், ஊதி முடித்ததும் குழாய்க்குள் தேங்கிய எச்சில் தண்ணீரை வடித்து உதறினான், அதற்குள் வண்டியும் கிளம்பியது, ஊர்வலமும் கிளம்பியது, எல்லாம் போய்விட்டது, பாட்டு மட்டும் போகவில்லை.

அதை முதலில் கண்டுபிடித்தவர் நாலுமுக்குப் பரோட்டாக்கடை மாஸ்டர் சிக்கந்தர். மறுநாள் மத்தியானம் வாசலில் தண்ணீர் தெளிக்க வாளியோடு இறங்கியவரின் காதோரத்திலேயே ட்ரம்பெட் ஆரம்பித்தது. அவர் இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார், மேலே கரண்டுக் கம்பியில் குந்தியிருந்த காக்கையைப் பார்த்தார், ஓரடி பின்னால் வைத்தார், பாட்டு நின்றது, ஓரடி முன்னால் வைத்தார், பாட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தண்ணீரைத் தெளித்துவிட்டு உள்ளே போய் மாவை எடுத்து வீச ஆரம்பித்தார், ஊறின மாவு யாருக்காகவும் காத்திருக்காது.

இப்படித்தான் அது ஊருக்குத் தெரிந்தது. ஒரு பாய் விரிக்கிற அளவு இடம், அவ்வளவுதான். அதற்குள் ஆள் போய் நின்றால் பாட்டு தொடங்கும், நிற்கிறவருக்கு மட்டும் கேட்கும், வெளியே வந்தால் அடங்கும், முழுசாகக் கேட்கவேண்டுமென்றால் முழுசாக நிற்கவேண்டும். மழை பெய்து பார்த்தது, பாட்டு கரையவில்லை. சாக்கடைக்காகத் தோண்டினார்கள், பள்ளத்துக்குள் இறங்கின ஆட்களுக்கு அது தலைக்கு மேலே கேட்டது. பசுமாடு ஒன்று அதற்குள் படுத்து அசைபோட்டது; மாட்டுக்குக் கேட்டதா என்பது தெரியவில்லை, ஆனால் மறுநாளும் அங்கேதான் வந்து படுத்தது. காரணம் தேடியவர்களும் இருந்தார்கள். பித்தளையில் ஏதோ கலப்படம் என்று ஒரு பாத்திரக்கடைக்காரரும், அந்த மாப்பிள்ளையின் ஜாதகம் அப்படி என்று ஒரு ஜோசியரும் சொன்னார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சு சலித்துவிட்டது, ஏனென்றால் அதைவிட முக்கியமான பேச்சு வந்துவிட்டது, அடுத்த பாட்டு யார் வாசலில் என்பது.

அந்த நாளிலிருந்து இன்னாசி எங்கே நின்று ஊதினாலும் ஊதினது அங்கேயே தங்கியது. தங்கியது அவன் ட்ரம்பெட் மட்டும்தான். புதுமை மாதா பேண்டு செட்டில் அவனோடு கூடவே ஊதின மற்றவர்களின் சாக்சபோனும், யூபோனியமும், தட்டின ட்ரம்மும், மாஸ்டர் தைனேஸின் கிளாரினெட்டும் ஒலிக்கிற நேரத்துக்கு ஒலித்துவிட்டு, ஊதின சத்தமெல்லாம் எங்கே போகுமோ அங்கே போய்ச் சேர்ந்தன. பேண்டை ஆரம்பித்தவர், சட்டையில் தங்க ஜரிகை வைத்துக்கொள்ள உரிமையுள்ள ஒரே ஆள் என்ற முறையில் மாஸ்டருக்கு இதில் வருத்தம் இருந்தது. "என் கிளாரினெட்டு நிக்காதாமா?" என்று ஒருநாள் தனியாக நாலுமுக்குக்குப் போய்க் கன்னம் வலிக்கிறவரை ஊதிப் பார்த்தார். நிற்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வேலை இருந்தால் சந்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

சாப்பாட்டுக் கடைக்காரர்கள்தான் இதன் அருமையை முதலில் புரிந்துகொண்டார்கள், மதுரையில் எந்த அதிசயமும் கடைசியில் சாப்பாட்டில்தான் வந்து சேரும். சிக்கந்தர் கொத்துப் பரோட்டாவை அந்தப் பாட்டின் தாளத்துக்குத் தட்டிக் கொத்த ஆரம்பித்தார், ஜனங்கள் தட்டை ஏந்திக்கொண்டு பாட்டுக்குள் போய் நின்று தின்றார்கள், பாட்டு முடிவதற்குள் தட்டு காலியாகவில்லையென்றால் பின்னால் நிற்கிறவர்கள் சத்தம் போட்டார்கள். இட்லிக்கடை மாரக்காள் கேட்டு வாங்கின பாட்டு துள்ளலான பாட்டாகப் போய்விட்டது. வந்தவர்கள் அவசர அவசரமாக விழுங்கிவிட்டு, குடல்குழம்பு இன்னொரு கரண்டி கேட்காமலேயே எழுந்து போனார்கள், ஊதினதை அழிக்கவும் முடியாது, அதனால் அவள் பெஞ்சைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டுவிட்டு, "சாமி, தூங்குற மாதிரி ஒரு பாட்டு ஊதிட்டுப் போ" என்று இன்னாசியை மறுபடி கூப்பிட்டாள். ஜிகர்தண்டாக் கடைக்காரர் நீளமான பாட்டாகக் கேட்டார், பாட்டு முடிவதற்குள் ஒரு டம்ளர் தீர்ந்து இன்னொன்று வாங்கவேண்டும் என்பது அவர் திட்டம். முள்முருங்கை வடை சுடும் அம்மா மட்டும், எனக்குப் பாட்டும் வேண்டாம் கூத்தும் வேண்டாம், எண்ணெய் காயுற சத்தம் காதுல விழணும் என்று சொல்லிவிட்டார். அவர் கடையில்தான் எப்போதும் கூட்டம் அதிகம்.

ஆடுகிறவர்களும் வந்தார்கள். வைகைக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒயிலாட்டக்காரர்கள் கையில் கலர் துணியோடு வந்து வரிசை கட்டினார்கள். பாட்டுக்குள் ஒருவர்தான் வசதியாக நிற்க முடியும் என்பதால் தலைவர் உள்ளே நின்று கேட்டு ஆட, மற்றவர்கள் அவர் காலைப் பார்த்து ஆடினார்கள். பொய்க்கால் குதிரை ராஜாவும் ராணியும் வந்தார்கள், ராஜாவின் குதிரை உள்ளே நுழைந்துவிட்டது, ராணியின் குதிரைக்கு இடமில்லை, அதனால் ராணி ஒன்றுமே கேட்காமல் ராஜாவின் மீசை துடிப்பதைப் பார்த்தே தாளம் பிடித்து ஆடினாள், பார்த்தவர்கள் ராஜாவைவிட ராணி ஆட்டம்தான் நன்றாயிருக்கிறது என்றார்கள். பேனர் எழுதும் பெயிண்டர் ஒருவர் பாட்டு இருக்கும் இடங்களில் தரையில் மஞ்சள் வட்டம் போட்டு, நடுவில் சின்னதாக ஒரு ட்ரம்பெட்டும் வரைந்து வைத்தார். சாயங்காலமானால் ஜனங்கள் வட்டத்துக்கு வட்டம் போய் நிற்பதும், நின்ற இடத்தில் எதையாவது வாங்கித் தின்பதும், தின்றுவிட்டு அடுத்த வட்டத்துக்கு நடப்பதுமாக இருந்தார்கள், வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு அடுத்தது இங்கேதான் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

இன்னாசிக்கு ஊர் கொண்டாடியது சந்தோஷம்தான், ஆனால் அவனுக்குப் பெரிய சந்தோஷம் வேறொன்று. அவன் பெண்டாட்டி சலேத்துமேரி அவன் ஊதிக் கேட்டதே கிடையாது. பேண்டுக்காரன் பெண்டாட்டி ஊர்வலத்துக்குப் போவதில்லை, அது வழக்கம். முன்பின் தெரியாதவர்கள் கல்யாணத்தில் போய் நின்றால் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறாள் என்று பேச்சு வரும். வீட்டில் ஊதலாமென்றால் ஒண்டுக்குடித்தனம், பக்கத்து வீட்டுக் குழந்தை முழித்துக்கொள்ளும். அவர்கள் கல்யாணத்திலும் மாப்பிள்ளையே ஊத முடியாதே, வேறொருவன் ஊதினான், அதுவும் சுமாராக. மாதா கோயில் திருவிழாவில் கேட்டிருக்கிறாள்தான், பத்துப்பேர் ஊதுகிற கூட்டத்தில். அதில் எது தன் புருஷன் சத்தம் என்று பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியாது. இப்போது முகூர்த்தம் இல்லாத சாயங்காலங்களில், அப்பளக் கம்பெனியிலிருந்து உளுந்து மாவு வாசனையோடு வரும் அவளை அவன் ஒவ்வொரு வட்டமாகக் கூட்டிக்கொண்டு போனான். அவள் உள்ளே நிற்பாள், அவன் வெளியே நின்று, கேட்காத தன் பாட்டை அவள் முகத்தில் பார்த்துக்கொண்டிருப்பான்.

"எப்படி இருக்கு?"

"சும்மா இருங்க, பாட்டு ஓடுதுல்ல."

பாட்டு முடிந்து அவள் வெளியே வந்து, அவன் கையிலிருந்த கறிதோசையை வாங்கிக்கொண்டாள்.

"நடுவுல ஒரு எடத்துல மூச்சு வாங்குறீங்க பாருங்க, அது நல்லாருக்கு."

"அது தப்புடி. அங்க மூச்சு வாங்கக் கூடாது. மாஸ்டர் அன்னைக்கே திட்டுனாரு."

"தப்போ சரியோ, அங்கதான் நீங்க இருக்கீங்க. மத்ததெல்லாம் பாட்டு," என்றாள் சலேத்து, வாயில் தோசையோடு. இத்தனை வருஷமாக மேடையிலும் ஊர்வலத்திலும் எத்தனையோ பேர் அவனைப் பாராட்டியிருக்கிறார்கள், அதில் ஒன்றைக்கூட அவன் வழிநெடுக மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நடந்ததில்லை, இதைச் சொல்லிக்கொண்டு நடந்தான்.

சுற்றி முடித்துக் கடைசியாக அவர்கள் போவது பொன்னரசு அண்ணாச்சியின் மிட்டாய்க்கடைக்கு. வெல்லப்பாகில் ஊறின சீரணி மிட்டாய் சூடாக இறங்கும் நேரம் சலேத்துக்குத் தெரியும், அவள் வருகிற நேரம் அண்ணாச்சிக்குத் தெரியும். "பேண்டுக்கார வீட்டம்மா வந்தாச்சு, நிறுத்ததுக்கு மேல ரெண்டு போடு" என்று கடைப்பையனிடம் சொல்லுவார். அந்த வட்டாரக் கடைக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர், ஆனாலும் தராசைத் தானே பிடித்து நிறுக்கிற மனுஷர்.

அந்தக் கடை வாசலில்தான் இன்னாசி அந்தத் தப்பைச் செய்தான். வேண்டுமென்று செய்யவில்லை, கைப்பழக்கம். பேண்டு செட்டுக்குக் கல்யாணமும் கேதமும் ஒன்றுதான், ஒரு முகூர்த்தத்துக்கு ஊதிவிட்டு வந்த கையோடு ஒரு சாவுக்குப் போவார்கள். ஒரு பெரியவரின் கேதத்தில், தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொள்ளப் பெட்டியை மிட்டாய்க்கடைக்கு எதிரே இறக்கினார்கள். பெட்டியை இறக்கினால் பேண்டு நின்று அடக்கப் பாட்டை முழுசாக ஊதும், அது முறை, இன்னாசியும் ஊதிவிட்டான். பெட்டி போய்விட்டது, அடக்கப் பாட்டு மிட்டாய்க்கடை வாசலிலேயே தங்கிவிட்டது. மறுநாள் நிச்சயதார்த்தத்துக்கு மிட்டாய் வாங்க வந்த பெண்வீட்டார், ருசி பார்க்கக் கொடுத்ததை வாயில் போட்டுக்கொண்டு அந்த இடத்தில் நின்று, எப்போதோ போய்ச்சேர்ந்த அத்தையை நினைத்தும் மாமனை நினைத்தும் அழுதார்கள், கண்ணீர் இறங்கி மிட்டாய் உப்புக் கரித்தது, வேறு கடைக்குப் போய்விட்டார்கள். பொன்னரசு பெஞ்சை இழுத்துப்போட்டுப் பார்த்தார், தடுப்பு கட்டிப் பார்த்தார், வாசலே அந்த அளவுதான், எப்படி வந்தாலும் பாட்டுக்குள் கால் வைக்காமல் கடைக்குள் ஏற முடியவில்லை. தீபாவளிக்கு முன்னால் கடையைக் காலிசெய்துகொண்டு சுண்ணாம்புக்காரத் தெருவுக்குப் போனார். போன வருஷ வியாபாரத்தில் பாதிகூட அங்கே நடக்கவில்லை.

சங்கம் கூடிப் பேசியது. டீயும் வடையும் வந்தன, யாரும் கோபப்படவில்லை, இன்னாசி இனிமேல் கேதத்துக்கு ஊதக்கூடாது என்று முடிவானது. மாஸ்டர் தைனேஸ் கேதத்துக்கென்று தனியாக ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டார். அண்ணாச்சி கடையைக் கெடுத்த குற்றவுணர்ச்சியில் இன்னாசியும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னான். சலேத்து அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு மட்டும் ஊதுறவன் பாதி ஆளு," என்றாள். மறுபடி அரிசியைக் களைய ஆரம்பித்தாள். அவள் சொன்னது சரியென்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

அதற்கடுத்த மழைக்காலத்தில் சலேத்துக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மாத்திரை, பிறகு ஊசி, பிறகு பெரியாஸ்பத்திரி என்று போய், ஒருநாள் காலையில், கஞ்சி வாங்கிக்கொண்டு இன்னாசி திரும்பி வருவதற்குள் அவள் போய்விட்டாள். தூக்குவாளியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் கையில் பிடித்துக்கொண்டே அவன் கட்டில் பக்கத்தில் நின்றான். பிள்ளைகுட்டி இல்லாத வீடு, அவனுக்கு அவள்தான் எல்லாம், இனிமேல் ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்து, அப்பளக் கம்பெனிப் பெண்கள் வந்து அழுது, சாமியாருக்குச் சொல்லியனுப்பி, பெட்டி வந்து சேர்ந்த பிறகு, அவன் எழுந்து போய்ப் பரணிலிருந்து ட்ரம்பெட்டை இறக்கித் துணியால் துடைக்க ஆரம்பித்தான். துடைப்பதைப் பார்த்தவுடன் அங்கேயிருந்த கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பொன்னரசு மாலையோடு வந்திருந்தார். சலேத்தின் காலடியில் மாலையை வைத்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னாசி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. கேதத்துக்கு ஊதுற பையன்கிட்டச் சொல்லியாச்சுல்ல? நல்லா ஊதுவான்."

"நான்தான் ஊதுவேன், அண்ணாச்சி."

"நீ ஊதுனா அது நிக்குமேப்பா."

"நிக்கட்டும்."

"எங்க நிக்கும்? யார் வாசல்ல? அதைச் சொல்லு. ஒரு கடைய எழந்துட்டேன். இந்தக் கடையும் போச்சுன்னா ரெண்டு பொம்பளப் புள்ளைகள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

பொன்னரசு கெட்டவர் இல்லை. பயந்திருந்தார், பயந்த மனுஷர் எழவு வீட்டிலும் கடையைத்தான் நினைப்பார். அவருக்குப் பின்னால் நின்ற சிக்கந்தரும் மாரக்காளும் தரையைப் பார்த்துக்கொண்டார்களே தவிர, என் வாசலில் ஊதிக்கொள் என்று அவர்களும் சொல்லவில்லை.

"ஊர்ல எவனெவன் பொண்டாட்டிக்கோ ஊதிருக்கேன் அண்ணாச்சி," என்றான் இன்னாசி. குரல் உடைந்தது. "என் பொண்டாட்டிக்கு இன்னொருத்தன் ஊதிக் கேட்டுக்கிட்டு நான் பின்னால கையக் கட்டிக்கிட்டு நடக்கணுமா? சொல்லுங்க, நடக்கணுமா?"

அப்போது, சுவரோரமாக ஜரிகைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த மாஸ்டர் தைனேஸ் தொண்டையைச் செருமினார். இன்னாசியின் சத்தத்தை ஊரில் எல்லோரையும்விட உன்னிப்பாகக் கவனித்து வைத்திருந்தவர் அவர்தான், பொறாமைக்கு அந்த ஒரு நல்ல குணம் உண்டு.

"அவன் நின்னு ஊதுனாத்தான் பாட்டு நிக்கும்," என்றார் மாஸ்டர். "நடந்துக்கிட்டே ஊதுறப்ப அடிக்கு ஒண்ணா உதுந்துபோகும். நான் பின்னாலயே வந்து கேட்டிருக்கேன். எந்த வாசல்லயும் பாட்டு இருக்காது. ஒத்தச் சத்தம் இருக்கும், அம்புட்டுத்தான். ஒத்தச் சத்தத்துக்கு எவனாச்சும் அழுவானா?"

அதைச் சோதித்துப் பார்க்காமல் பொன்னரசு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றார். இன்னாசி எழுந்து சந்தில் இறங்கி, நடக்கிற மாதிரி ஓரடி வைத்து, அடக்கப் பாட்டிலிருந்து ஒரே ஒரு சுரத்தை ஊதிவிட்டு நகர்ந்தான். பிறகு, உள்ளே சலேத்து படுத்திருக்க, வெளியே துஷ்டிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்த இடத்தில் கால் வைத்துக் கேட்டுவிட்டு வந்தார்கள். பஸ் ஆரன் மாதிரி இருக்கு என்றார் சிக்கந்தர். கல்யாணப் பாட்டு எடுக்குற மாதிரில்ல இருக்கு என்றாள் மாரக்காள். ஜிகர்தண்டாக் கடைக்காரர் இன்னொரு தடவை கால் வைத்துப் பார்த்துவிட்டு, ஒண்ணும் பண்ணல என்று உதட்டைப் பிதுக்கினார். பொன்னரசு கடைசியாகப் போய், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, தனக்கு அழுகை வருகிறதா என்று தானே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல, இதுல அழுறதுக்கு ஒண்ணுமில்ல," என்றார் வெளியே வந்து. "சரி தம்பி. ஆனா எங்கயும் நிக்கக் கூடாது. எந்த வாசல்லயும் நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்," என்றான் இன்னாசி.

அப்படித்தான் சலேத்துமேரியின் பெட்டி, மதுரையில் எந்தப் பெட்டியும் போகாத விதமாக, எங்கேயும் இறக்கப்படாமல், தோள் மாற்றுகிறவர்கள் நடந்துகொண்டே மாற்ற, வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம்வரை ஒரே நடையாகப் போனது. முன்னால் இன்னாசி நடந்தான், ஓர் அடிக்கு ஒரு சுரம், அடுத்த அடிக்கு அடுத்த சுரம். பின்னால் மாஸ்டரும் மற்றவர்களும் கருவிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஊதாமல் நடந்தார்கள், அவன் சத்தத்தின்மேல் தங்கள் சத்தம் விழக்கூடாது என்று. பாய்க்கடைகள் பாதிக் கதவை இழுத்துவிட்டு நின்றன, அங்கே ஒரு சுரம் விழுந்தது, மாரக்காள் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள், அங்கே ஒன்று, பருத்திப்பால் வண்டிக்கு ஒன்று, முள்முருங்கை வடை அம்மா எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டார், அங்கே ஒன்று, சைக்கிள் கடைக்கு ஒன்று, பூட்டியிருந்த வீட்டுக்கும் ஒன்று, தெருத்தெருவாக, வாசல்வாசலாக, கொடுத்த வாக்குப்படி யாருக்கும் ஒன்றுக்கு மேல் விழாமல், பாட்டு தெருவோடு நீண்டுகொண்டே போய், சுண்ணாம்புக்காரத் தெருவில் திரும்பும்போது மெல்ல ஏற ஆரம்பித்தது.

பொன்னரசு தன் கடைவாசலில் நின்றார். இன்னாசி நிற்காமல் போகிறானா என்று பார்க்கத்தான் நின்றார். ஆனால் பெட்டி பக்கத்தில் வந்தபோது, நிறுத்ததுக்கு மேல் போட்ட இரண்டு மிட்டாயை முந்தானையில் வாங்கிக்கொண்டு சிரிக்கிற முகம்தான் அவருக்குத் தெரிந்தது, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகையை இன்னாசி பார்த்துவிட்டான். பாட்டு உச்சிக்கு ஏறுகிற இடம் அது, நெஞ்சிலிருக்கிற மூச்சையெல்லாம் கொடுத்து எடுக்கவேண்டிய சுரம். உதடு ட்ரம்பெட்டில் இருந்தது, விரல் கட்டையை அமுக்கியிருந்தது, மூச்சு வரவில்லை. கால் அடியை வைத்துவிட்டது. நிற்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான், புறப்பட்ட பெட்டியைப் பின்னால் திருப்புகிற வழக்கமும் கிடையாது. அடுத்த அடிக்குள் மூச்சு திரும்பிவிட்டது, அடுத்த சுரத்தை ஊதினான், அதற்கடுத்ததையும் ஊதினான், கல்லறைத் தோட்டத்து வாசலில் கடைசிச் சுரத்தை விட்டுவிட்டு உள்ளே போனான்.

அதோடு அவன் ட்ரம்பெட் தங்குவது நின்றுபோனது. அடுத்து வந்த முகூர்த்தத்தில் அவன் நின்று ஊதின பாட்டு மற்றவர்கள் பாட்டைப்போலவே எழுந்து, கேட்டு, போய்விட்டது. ஊர் அதையும் எளிதாகவே எடுத்துக்கொண்டது, வட்டம் உள்ள கடைக்காரர்கள் வட்டத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தமாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டார்கள், வட்டம் கிடைக்காதவர்கள் எங்களுக்கு அப்போதே தெரியும் என்றார்கள். மாஸ்டர் தைனேஸ் மட்டும் அவனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்து, டம்ளர் காலியாகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

தெருவில் விழுந்த சுரங்களால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வரவில்லை. பார்சல் வாங்க நிற்கிறவர் காதில் ஒரு சத்தம் கேட்கும், திரும்பிப் பார்ப்பார், பார்சலை வாங்கிக்கொண்டு போவார். பிள்ளைகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி விளையாடின. ஆனால் அந்த வழியாக அடுத்த பெட்டி போனபோது, அது பேண்டு வைக்க வசதியில்லாத ஒரு மூட்டை தூக்குகிறவரின் பெட்டி, கூட நடந்தவர்களின் காலில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சுரம் கேட்டு, கேட்டு, சேர்ந்து, அடக்கப் பாட்டாகிவிட்டது. கேதத்துக்கே உரிய அந்த நடையில் நடந்தால்தான் சேரும், வேகமாகப் போனாலும் சேராது, நின்று நின்று போனாலும் சேராது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கேதங்களெல்லாம், கோயிலுக்குப் போகிறவர்கள் வீடு, பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் வீடு என்ற பேதமில்லாமல், சுற்றிக்கொண்டாவது அந்த வழியாகவே போயின. எல்லோரும் இன்னொன்றையும் கவனித்தார்கள். பாட்டு ஏறி ஏறிப் போய், பொன்னரசு கடைவாசலில், உச்சியில், காலை வைத்தால் ஒன்றும் இருக்காது. நடக்கிறவர்களுக்கு நெஞ்சு ஒரு கணம் அந்தரத்தில் நின்றுவிடும்.

இன்னாசி சாயங்காலம் தோறும் தனியாக அந்த வழியை நடந்தான், அதே நடை, வீட்டிலிருந்து கல்லறைவரை. ஒருநாள் பொன்னரசு கடையிலிருந்து இறங்கி வந்து அவனை நிறுத்தினார்.

"ஏப்பா, எல்லா வாசல்லயும் இருக்கு. என் வாசல்ல மட்டும் இல்ல."

"நீங்கதான வேணாம்னீங்க, அண்ணாச்சி."

"நிக்காதன்னுதான்ப்பா சொன்னேன். ஊதாதன்னா சொன்னேன்?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தம்மாவுக்கு நிறுத்துக் குடுக்குறதுல நான் ஒருநாளும் குறை வச்சதில்ல. கடைசில என் வாசல்லயா குறையணும்? வந்து அந்த ஒண்ண ஊதிக் குடுத்துட்டுப் போப்பா."

மறுநாள் அவன் ட்ரம்பெட்டோடு வந்தான். வாங்க வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சரியான இடத்தில் அடியை வைத்து அந்தச் சுரத்தை ஊதினான், சுத்தமாக, பிசிறில்லாமல் வந்தது, வந்து போய்விட்டது. பொன்னரசு அந்த இடத்தில் கால் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இன்னொரு தடவை ஊதினான். உதடு வீங்குகிறவரை ஊதினான். நிற்கவில்லை.

"போகட்டும் அண்ணாச்சி," என்று ட்ரம்பெட்டைத் துணியில் சுற்றிக்கொண்டான். "அவ ஒண்ணும் நெனைக்க மாட்டா."

"அவ நெனைக்க மாட்டா," என்றார் பொன்னரசு. "எனக்கு அப்படி இல்லையே."

மறுநாள் சாயங்காலம் அவன் வெறுங்கையோடு நடந்து வந்தான். நல்ல வியாபார நேரம், கடைவாசலில் கூட்டம், சீரணி மிட்டாய் சூடாக இறங்கியிருந்தது. தெருமுனையில் அந்த நடையைப் பார்த்தவுடனேயே பொன்னரசு தராசைக் கடைப்பையன் கையில் கொடுத்தார், எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தார், படியிறங்கி வந்து, வாங்க வந்தவர்களுக்கு நடுவே, வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். இன்னாசி ஒவ்வோர் அடியாக வந்தான், பாட்டு ஏறி ஏறி வந்தது, அந்த இடத்தில் கால் விழுந்தபோது, ஜென்மத்தில் பாடியறியாத அந்த மனுஷர் வாயைத் திறந்து "ஆ" என்று குரல் கொடுத்தார். சுரம் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. இன்னாசி நிற்கவில்லை, நின்றால் பாட்டு அறுந்துவிடும். அடுத்த அடியை வைத்தான், அடுத்த சுரம் அங்கே இருந்தது.